காலை எட்டு மணி வெங்காயம்

லேபில் எது உடைந்தாலும் உடைத்தது நாம், எது நன்றாகத் தெரிந்தாலும் தெரிய வைத்தது சார். லேப் அட்டெண்டர் வேலை என்றால் இவ்வளவுதான். இது அட்டெண்டர்களுக்கு மட்டும் இல்லை. ஆயா, பியூன், ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றுகிறவர் என்று, இன்னொருவர் பின்னால் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கும் எல்லோருக்கும் இது தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் நம்ப மாட்டார்கள்.

நான் புதூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவள். அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்து தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினேன். குச்சியை ஒவ்வொன்றாகக் கட்டையில் சொருகி வரிசை கட்டுகிற வேலை அது. அந்தக் கை வேகத்தைக் கேள்விப்பட்டுத்தான், பாப்பா பிறந்த பிறகு, இந்தத் தனியார் பள்ளிக்கூடத்தில் பாட்டனி லேபுக்கு எடுத்தார்கள். இங்கே வேலை பார்ப்பவர் பிள்ளைக்கு இங்கேயே சீட்டு உண்டு. என் பாப்பா இப்போது யு.கே.ஜி. கழுத்தில் டை கட்டிக்கொண்டு போகிறாள். நான் வாயை மூடிக்கொண்டு இந்த வேலையில் ஒட்டியிருப்பது அந்த டைக்காகத்தான். வாயை மூடிக்கொள்வதில் எனக்குச் சிரமமும் இல்லை. நாலு பேர் முன்னால் பேர் கேட்டாலே எனக்குப் பாதிப் பேர்தான் வெளியே வரும்.

வெறும் கட்டம்

பதினோராம் வகுப்புக்கு ஒரு பிராக்டிகல் இருக்கிறது. வெங்காயத்தைத் தண்ணீர் மேல் உட்கார வைத்து, வேர் விட்டதும் நுனியை வெட்டி, சாயம் ஏற்றி, ஸ்லைடில் வைத்து நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் காட்ட வேண்டும். வேர் நீளுவதற்கு வேண்டிய புதுச் செல் எல்லாம் அந்த நுனியில்தான் உண்டாகிறது. அங்கே ஒவ்வொரு செல்லும் ரெண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கும். அதை நாலு நிலையாகச் சொல்வார்கள். முதலில் உள்ளே இருக்கும் குரோமோசோம் நூல்கள் சுருண்டு தடிக்கும், அது புரோஃபேஸ். பிறகு எல்லாம் நடுவில் வந்து வரிசை கட்டும், மெட்டாஃபேஸ். அப்புறம் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம் என்று இழுபடும்; அனாஃபேஸ். கடைசியில் நடுவில் ஒரு சுவர் எழும்பும், டீலோஃபேஸ். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக் குறுக்குச் சுவர் வைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே சண்டை கிடையாது.

போன வருசம் பரீட்சைக்கு வெளியூரில் இருந்து வந்த எக்சாமினர், எட்டு மைக்ராஸ்கோப்பிலும் கண்ணை வைத்துப் பார்த்தார். எட்டிலும் கட்டம் கட்டமாகச் செல், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி. ஒன்றுகூடப் பிரியவில்லை. 'எந்த நிலையும் தெரியவில்லை' என்று ரிப்போர்ட் எழுதிவிட்டுப் போனார். பிரின்சிபால் மேடம் அறையில் எங்கள் பாட்டனி சார் என்னைக் கை காட்டினார். வெட்டியது நான், சாயம் போட்டது நான், நசுக்கியது நான். அவர் எதையும் தொடவே இல்லையாம். அதில் ஒரு பொய்யும் இல்லை, அவர் எதையும் தொடுவதே இல்லை. மேடம் ரிப்போர்ட்டில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்கள்:

"அடுத்த பிராக்டிகல்லயும் இப்படி வெறும் கட்டமா இருந்துச்சுன்னா, நீயும் வர வேண்டாம், ஒன் பிள்ளையும் வர வேண்டாம்."

அழகான வெங்காயம்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் புது வெங்காயம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். சாமான் வாங்குவது ஆபீஸ் கிளார்க் அண்ணாச்சி. அவர் கொண்டுவந்து இறக்கினதைப் பார்த்து எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தது. தலைப்பக்கம் வாலை நறுக்கி, அடிப்பக்கம் வேர் முளைக்கிற வட்டத்தையும் கத்தியால் சுத்தமாகச் சீவி, மேல்தோலை உரித்து, சீர்த்தட்டில் வைக்கிற மாதிரி கொண்டுவந்திருந்தார். அடிவட்டம் போனால் அந்த வெங்காயம் எந்தக் காலத்திலும் வேர் விடாது. ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைக்குத் தெரிகிற விசயம் இது.

வேர் வேணும் அண்ணாச்சி என்று எப்படியோ சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவர் கூடையை என் பக்கம் காலால் தள்ளினார். அவர் பேச்சில் எரிச்சல்கூட இல்லை, என்மேல் ஒரு பரிதாபம்தான் இருந்தது:

"மண்ணும் தூரும் ஒட்டாம நானே நின்னு சீவச் சொல்லி வாங்கியாந்திருக்கேன், வேர் இல்லைங்குத, ஏம்மா, சாம்பாருக்கு ஆவும்லா?"

ரெண்டாவது பிள்ளை

அதற்குப் பிறகு என் வீட்டுச் சின்ன வெங்காயத்தையே கொண்டுபோனேன். அது மூன்றே நாளில் வேர் விடும். ஆனால் பள்ளிக்கூடத்து போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் வைத்த வேர் ரெண்டாம் நாள் பழுத்து, மூன்றாம் நாள் கருகிவிடும். சாரிடம் சொன்னதற்கு, புஸ்தகத்தில் தண்ணீர் என்றுதான் போட்டிருக்கிறது, நல்ல தண்ணீர் என்று போடவில்லை என்றார். புஸ்தகம் எழுதினவர் எங்கள் ஊரில் பல் தேய்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஆத்துத் தண்ணீர் எப்போதாவது ஒருநாள் குழாயில் வரும். பிடிக்கிற குடத்தில் ஒரு பாட்டிலைத் தனியாக எடுத்து, பாப்பாவின் பையோடு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். பக்கத்து வீட்டு மாரியக்கா இதை ரொம்ப நாளாகக் கவனித்திருக்கிறாள். ஒருநாள் தெருக்குழாயில் எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்டாள்:

"ஏட்டி, இங்கன குடிக்கதுக்கே தொண்டை நனையல, நீ வெங்காயத்துக்கு ஆத்துத் தண்ணி ஊத்துதியாம்லா, அதென்ன நீ பெத்த ரெண்டாவது பிள்ளையா?"

அசையாத குரோமோசோம்

சரஸ்வதி பூஜைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைப்பார்கள். பெல், தராசு, எலும்புக்கூடு, ஒன்றும் பாக்கி இருக்காது. மைக்ராஸ்கோப்புக்கு எங்கே பொட்டு வைப்பது? அதற்கு நெற்றி இல்லை, கண்தான் இருக்கிறது. அதனால் கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடி மேலேயே சந்தனம், அதன் மேல் குங்குமம். எட்டுக்கும் மேடம் கையாலேயே பக்தியாக வைத்தார்கள். லீவு முடிந்து வந்து ஏழு மைக்ராஸ்கோப்பைத் துடைத்துவிட்டேன். எட்டாவதை சார் தன் கையால் துடைத்தார். விரலால் ஒரு தேய், அவ்வளவுதான். சந்தனம் போனது, குங்குமம் கண்ணாடியில் பரவி ஒட்டிக்கொண்டது.

நாங்கள் வேர் நுனிக்கு ஏற்றுகிற சாயமும் சிவப்புத்தான். அந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிள்ளைகள் எல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தெரிகிறது என்று குதித்தார்கள். சாரும் எட்டிப் பார்த்துவிட்டு, புரோஃபேஸ் இவ்வளவு தெளிவாக இந்த லேபில் வந்ததே இல்லை என்று சொல்லி, எல்லோரையும் வரையச் சொன்னார். முத்துக்கனி என்று ஒரு பிள்ளை மட்டும் ஸ்லைடை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள். "சார், ஸ்லைடு நகருது, கட்டமெல்லாம் நகருது, குரோமோசோம் மட்டும் நகரவே மாட்டேங்குதே சார்?" நான் துடைக்கிற துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சார் கொஞ்சமும் யோசிக்கவில்லை:

"நல்லா ஸ்ட்ராங்கான குரோமோசோம்மா அது, அதான் அசையல."

கனியின் ரெக்கார்டு

அந்தக் கனி பிள்ளை ஒருத்திதான் மைக்ராஸ்கோப்பைப் பார்த்து வரைகிறவள். மற்ற எல்லோரும் போன வருசத்து அக்காமாரின் ரெக்கார்டைப் பார்த்து வரைவார்கள். அந்த அக்காமார் அதற்கு முந்தின அக்காமாரைப் பார்த்து வரைந்தவர்கள். யாரோ ஒருத்தி எப்போதோ ஒரு நூலைக் கோணலாக வரைந்திருக்கிறாள். அந்தக் கோணல் இன்றைக்கும் அனாஃபேஸில் அதே இடத்தில் நிற்கிறது. சார் அதற்கு டிக் போட்டு டிக் போட்டு, இனி நேராக வரைந்தால் மார்க் போய்விடும் என்கிற நிலைமை.

கனி கண்டதை வரைந்தாள். கட்டம், கட்டத்துக்குள் புள்ளி, அவ்வளவுதான். கீழே 'பிரிவு ஒன்றும் காணப்படவில்லை' என்று எழுதியிருந்தாள். நான் ரெக்கார்டு கட்டைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைக்கும்போது, சார் அந்தப் பக்கத்தில் குறுக்காகச் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு விசயம் உறைத்தது. போன வருச எக்சாமினர் எழுதினதும் இதையேதான். அவர் எழுதினபோது குற்றம் என் மேல், இவள் எழுதினபோது குற்றம் இவள் மேல். கனி தலையைக் குனிந்து நின்றாள். சார் நோட்டை மூடி அவள் பக்கம் வீசினார்:

"கண்ணுல பாத்ததை எல்லாம் வரையதுக்கு இது என்ன டிராயிங் கிளாஸா?"

வெங்காயத்துக்கு வாட்ச்

வெட்டின நுனியை உடனே ஒரு மருந்தில் போட வேண்டும். ஸ்பிரிட்டும் அசிட்டிக் ஆசிடும் கலந்தது அது. போட்ட நிமிசத்தில் எந்தச் செல் எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நின்றுவிடும். ஆனால் ஸ்பிரிட் இருக்கிற அலமாரிக்குப் பூட்டு, சாவி சாரின் இடுப்பில். அவர் எல்லா வகுப்பையும் முடித்து, டீ குடித்து, மூன்று மணிக்கு மேல்தான் அலமாரியைத் திறப்பார். அதனால் என்றைக்கும் வெட்டுவது மூன்று மணிக்குத்தான். ஏன் மூன்று மணி என்று யாரும் கேட்டதில்லை. சாவி வருகிற நேரம் அது.

பாப்பாவுக்கு டான்ஸ் ரிகர்சல் என்று ஒருநாள் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்கள். அவளை விட்டுவிட்டு எட்டு மணிக்கே லேபைத் திறந்தேன். முந்தின நாள் மருந்து ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சும்மா இருக்கிற நேரத்துக்கு நாலு நுனியை வெட்டிப் போட்டேன். மறுநாள் அதற்குச் சாயம் ஏற்றி நசுக்கிப் பார்த்தால், கிடையில் ஆடு எழுந்தது மாதிரி ஒரே நடமாட்டம். நடுவில் வரிசை கட்டினது ஒன்று, ரெண்டு பக்கமும் இழுபடுகிறது ஒன்று, சுவர் எழும்புகிறது ஒன்று. நாலு நிலையும் ஒரே பார்வையில். ஒரு தடவையை நம்பக் கூடாது என்று, குப்பியில் மிச்சம் இருந்தபோதெல்லாம் காலையில் நாலும், மூன்று மணிக்கு நாலுமாக வெட்டிப் பார்த்தேன். காலையில் வெட்டினதில் எப்போதும் நடமாட்டம் இருந்தது. மத்தியானம் வெட்டினதில் பெரும்பாலும் உறக்கம்தான்.

இதைச் சொல்லாமல் இருந்தால் பாப்பாவின் டை போய்விடும் என்று, ரெண்டு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்து, மூன்றாம் நாள் சார் முன்னால் போய் நின்றேன். "சார், காலைல வெட்டினா நல்லாத் தெரியுது சார்." மொத்தம் இவ்வளவுதான் வந்தது. அலமாரியைக் காலையில் திறந்து கொடுங்கள் என்கிற பாதி வெளியே வரவே இல்லை. சார் செல்போனில் இருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்:

"வெங்காயத்துக்கு என்னம்மா காலை, மத்தியானம், அது என்ன கையில வாட்ச் கட்டியிருக்கா?"

வாட்ச்மேன் ஊதினது

அப்புறம் நான் சொல்வதை விட்டுவிட்டேன். மூன்று மணிக்கு சார் ஸ்பிரிட் ஊற்றித் தரும்போது மருந்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கலந்து, ஒரு குப்பியை வெங்காயக் கிளாஸ்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். மறுநாள் எட்டு மணிக்கே வாட்ச்மேன் அண்ணாச்சி கேட்டைத் திறந்துவிட்டதும் வெட்டிப் போட அது போதும். ஒரு வாரம் ஓடியது. பிறகு ஒருநாள் சார் ஸ்பிரிட் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வழக்கத்தைவிடக் குறைகிறது என்று கண்டுபிடித்தார். செல் பிரிவதைத் தவிர மற்றதெல்லாம் அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

நேராக கேட்டுக்குப் போய், வாட்ச்மேன் அண்ணாச்சியை வாயை ஊதிக் காட்டச் சொன்னார். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த ஸ்பிரிட் விசம், குடித்தால் கண் போய்விடும் என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது. சார் போனபிறகு கேட்டுக்குப் போய், "அண்ணாச்சி, எடுத்தது நாந்தான், வேர் போடுததுக்கு" என்று சொல்லி, குப்பியையும் காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, இனிமேல் காலையில் கேட்டைத் திறந்துவிட மாட்டார் என்று நினைத்தேன். அவர் குப்பியை முகர்ந்து பார்த்து மூஞ்சியைச் சுளித்தார்:

"நாளைக்கும் எட்டு மணிக்கே வா தாயி, நான் தெறந்து விடுதேன், ஆனா இந்தக் கழுவுன தண்ணியக் குடிச்சேன்னு என்னை ஊதச் சொன்னான் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல."

செயலாளர் பார்த்தது

ஜனவரியில் பள்ளிக்கூடத்துச் செயலாளர் அண்ணாச்சி லேபைப் பார்வையிட வந்தார். பெரிய வியாபாரக் குடும்பம். வெள்ளை வேட்டி கசங்காமல் உள்ளே வந்து, கிளாஸ் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த வெங்காயத்தைப் பார்த்தார். சார் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். பத்து நிமிசம் இங்கிலீஷில் சொன்னார். செயலாளர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், மேடமும் ஆட்டினார்கள், எலும்புக்கூடு ஒன்றுதான் ஆட்டவில்லை.

ஒரு மைக்ராஸ்கோப்பில் காலையில் வெட்டின ஸ்லைடை வைத்திருந்தேன். பார்த்தால் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். அவர் குனியவே இல்லை. குனிந்தால் வேட்டி கசங்கும். கடைசியில் சார், "சுருக்கமாச் சொன்னா சார், ஒரு செல் ரெண்டாகுது, ரெண்டு நாலாகுது" என்றார். அப்போதுதான் செயலாளர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது:

"அட, கைக்காசு போடாமலேவா?"

வடை

யு.கே.ஜி.க்கு அந்த மாதம்தான் புது மிஸ் வந்திருந்தாள். பிள்ளைகளிடம் ஒவ்வொருவராக அம்மா அப்பா என்ன வேலை என்று கேட்டிருக்கிறாள். என் பாப்பா எழுந்து, அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா இதே ஸ்கூலில் வெங்காயம் வெட்டுகிறாள் என்று சொல்லியிருக்கிறாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. சாயங்காலம் கூப்பிடப் போனபோது, பாப்பா மிஸ் சொன்னதை அப்படியே அபிநயத்தோடு சொல்லிக் காட்டினாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த மிஸ் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பசியோடு பார்த்தாள். பாப்பாவிடம் அவள் சொல்லிவிட்டது இது:

"ஓ, கேன்டீனா? அப்ப நாளைக்கு மிஸ்ஸுக்கு ரெண்டு வடை கொண்டு வரச் சொல்லு."

தூரப் போட்டது

பரீட்சை அன்றைக்கு வந்த எக்சாமினர் ஒரு மேடம். கண்ணாடி போட்டவர், சிரிக்காதவர். கையில் போன வருசத்து ரிப்போர்ட். பிரின்சிபால் மேடமும் வந்து ஓரமாக நின்றார்கள். எட்டு மைக்ராஸ்கோப்பிலும் நான் வைத்த ஸ்லைடு. எட்டும் காலை எட்டு மணி நுனி. எக்சாமினர் முதல் ஒன்றில் கண்ணை வைத்தார், எடுக்கவே இல்லை. ரெண்டாவது, மூன்றாவது, எட்டாவது வரைக்கும் போனார். நிமிர்ந்து சாரைப் பார்த்து, "கடையில வாங்குன ஸ்லைடை வச்சிட்டு, பிள்ளைங்க செஞ்சதுன்னு சொல்லக் கூடாது சார்" என்றார். தெரியாவிட்டால் என் குற்றம் என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்தாலும் குற்றம் என்று நினைக்கவில்லை.

சார் இங்கேயே செய்தது என்றார். "அப்ப என் முன்னால ஒண்ணு செஞ்சு காட்டுங்க" என்றார் எக்சாமினர். மருந்தில் போட்டு வைத்த வேர்கள் தயாராக இருந்தன. சார் ஒன்றை எடுத்து, சாயத்தில் முக்கி, ஸ்பிரிட் விளக்கில் காட்டி, ஸ்லைடில் வைத்தார். வேரின் நுனியில் ரெண்டு மில்லிமீட்டர் மட்டும் கறுஞ்சிவப்பாக இருக்கும். செல் பிரிவது அங்கே மட்டும்தான். மேலே இருக்கிற வெளுத்த பாகம் வளர்ந்து முடிந்தது. அதில் தலைகீழாக நின்றாலும் வெறும் கட்டம்தான். சார் பிளேடை எடுத்தார். வெண்டைக்காயின் வால் நுனியைக் கிள்ளிப் போடுகிற மாதிரி, அந்தக் கறுத்த நுனியை நறுக்கி ஓரத்தில் தள்ளிவிட்டு, வெளுத்த பாகத்தை நடுவில் வைத்துக் கவர் ஸ்லிப் என்கிற கண்ணாடிச் சில்லை மூடப் போனார்.

பேசாமல் இருந்தால் கட்டம் தெரியும். கட்டம் தெரிந்தால் எட்டு ஸ்லைடும் கடைச் சரக்கு என்று ஆகும். நானும் போவேன், பாப்பாவும் போவாள். எங்கேயோ இருந்து ஒரு குரல் வந்தது. கனி திரும்பிப் பார்த்த பிறகுதான் அது என் குரல் என்று எனக்கே தெரிந்தது. "சார், நீங்க தூரப் போட்டீங்கல்லா, அதான் சார் நுனி."

எக்சாமினர் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தி, "நீங்க செய்யுங்கம்மா" என்றார். நுனியை ஊசியால் எடுத்து நடுவில் வைத்தேன். ஒரு சொட்டுச் சாயம், கவர் ஸ்லிப், மேலே மை ஒற்றுகிற தாள், பென்சிலின் பின்பக்கத்தால் மெல்ல நாலு தட்டு, பிறகு கட்டைவிரலால் நேராக ஒரே அழுத்து. விரல் ஒரு நூல் பக்கவாட்டில் போனாலும் எல்லாம் சுருண்டுவிடும். எக்சாமினர் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "எத்தனை மணிக்கு வெட்டுனீங்க?" என்று கேட்டார். "எட்டு மணிக்கு மேடம், பாப்பாவைக் கிளாஸ்ல விட்டுட்டு." அவர் போன வருசத்து ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, கனியைக் கூப்பிட்டு, கண்ணில் பட்டதை மட்டும் வரை என்றார். பிரின்சிபால் மேடத்துக்கு முகமெல்லாம் பல்:

"பாத்தியா, சார் ஒனக்கு எவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காவ!"

சாவி

மறுநாள் மேடம் அறைக்குக் கூப்பிட்டார்கள். ரிப்போர்ட் நன்றாக வந்திருந்தது. வெங்காய வேர் நுனி தயாரிப்பு மிகச் சிறப்பு என்று எழுதி, பாட்டனி சாருக்குப் பாராட்டு போட்டிருந்தது. அந்தப் படிவத்தில் சார் பேர் எழுதத்தான் இடம் இருக்கிறதாம். சார் பக்கத்தில் நின்று அடக்கமாகச் சிரித்தார். பாப்பா ஒன்றாங்கிளாஸுக்குப் போகலாம் என்றார்கள். எனக்கு அது போதும். ஒரே ஒரு தடவை வாய் திறந்த தைரியத்தில் இன்னொரு தடவையும் திறந்தேன். அலமாரிச் சாவியைக் காலையில் என்னிடம் கொடுத்தால் நல்லது என்றேன். மேடம் சாரைப் பார்த்தார்கள், சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைத் தட்டிக் கொடுக்கிற குரலில் சொன்னார்கள்:

"நீயும் வா, பாப்பாவும் வரட்டும், சாவி மட்டும் சார்கிட்டயே இருக்கட்டும், ஸ்பிரிட் கொறையுதுன்னு ஏற்கெனவே ஒரு புகார் இருக்குல்லா."

ஒரு செல் ரெண்டாகும்போது ரெண்டுக்கும் ஒரு நூல்கூடக் குறையாமல் சரிசமமாகப் போய்ச் சேருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் லேபில் பிரித்ததில் மட்டும் பேரும் சாவியும் சாருக்குப் போக, எனக்கு வந்தது பாப்பாவின் டையும் ஒரு கூடை வெங்காயமும்தான்.